டேர்டெவிலில் வரும் ஒயிட் டைகர் யார்? காமிக்ஸில் லத்தினோ சூப்பர் ஹீரோக்கள்

5 மார்ச் 2025

வாசகர் ஒருவர் கேட்டது: "டேர்டெவில் புதுத் தொடரில் ஒயிட் டைகர் என்று ஒருவர் வருகிறாரே, காமிக்ஸில் உண்டா, இல்லை தொடருக்காகச் சேர்த்ததா? மார்வெல்லின் முதல் லத்தினோ ஹீரோ மைல்ஸ் மொராலெஸ்தானே?"

காமிக்ஸில் உண்டு. லத்தினோ என்றால் லத்தின் அமெரிக்க வம்சாவளியினர். மைல்ஸ் ஸ்பைடர்மேனாக வந்தது 2011-இல். ஒயிட் டைகர், அதாவது ஹெக்டர் அயாலா, 1975 டிசம்பர் தேதியிட்ட 'டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங்ஃபூ' 19-ஆம் இதழில் வந்துவிட்டார். ப்ரூஸ் லீ மோகம் தலைக்கேறியிருந்த காலம். அந்த அலையில் மார்வெல் நடத்திய கறுப்பு வெள்ளைப் பத்திரிகை அது. எழுதியவர் பில் மாண்ட்லோ, வரைந்தவர் ஜார்ஜ் பெரஸ். பெரஸுக்கு அப்போது 21 வயது. அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், பிறந்தது நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸ். ஹெக்டரும் சவுத் பிராங்க்ஸ் புவேர்ட்டோ ரிக்கன்தான். தற்செயல் என்று நினைக்கத் தோன்றவில்லை.

சக்தி எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். 'சன்ஸ் ஆஃப் தி டைகர்' என்று மூன்று பேர் ஒரு குழுவாக இருந்தார்கள். சண்டை வந்து பிரிகிறபோது தங்கள் புலித் தாயத்துகளைக் கழற்றிக் குப்பையில் வீசிவிட்டுப் போகிறார்கள். அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிற தெருப் பையன்தான் ஹெக்டர்.

6 மார்ச்

மைல்ஸ் கறுப்பினத்தவர் ஆயிற்றே, அவரை எப்படி லத்தினோ கணக்கில் சேர்ப்பது என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா ஆப்பிரிக்க அமெரிக்கர், அம்மா ரியோ மொராலெஸ் புவேர்ட்டோ ரிக்கன். இரண்டும் சேர்ந்த பையன். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று அழிந்துபோகும் என்று யார் சொன்னது? புவேர்ட்டோ ரிக்கோவிலேயே கறுப்பின மக்கள் நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள்.

ஆனால் ஆரம்ப வருட இதழ்களில் மைல்ஸின் அம்மா பக்கம் மெலிதாகத்தான் இருக்கும். பெயர் மொராலெஸ், அவ்வளவுதான். 2018-இல் வந்த ஸ்பைடர்வெர்ஸ் படத்தில்தான் அந்த வீட்டுக்கு உயிர் வந்தது. ரியோ மகனிடம் ஸ்பானிஷில் பேசுவார், மகனும் பாதி அதிலேயே பதில் சொல்வான், கீழே மொழிபெயர்ப்பு ஓடாது. புரிகிறவருக்குப் புரியட்டும் என்று விட்டுவிட்டார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் எந்த வீட்டிலாவது விளக்கவுரை ஓடுமா?

முதல் லத்தினோ ஸ்பைடர்மேன் என்று கேட்டாலும் மைல்ஸ் கிடையாது. 1992-இல் பீட்டர் டேவிட்டும் ரிக் லியோனார்டியும் கொண்டுவந்த மிகெல் ஓஹாரா, 2099-ஆம் வருடத்து ஸ்பைடர்மேன். பாதி மெக்சிகன், பாதி ஐரிஷ். அந்த நீலச் சிவப்பு உடை மெக்சிகோவின் இறந்தோர் திருநாளுக்காக வாங்கிய வேஷம் என்பதுதான் கதை. அதற்குப் பிறகு அந்த மெக்சிகன் பாதி பல இதழ்களுக்குக் காணாமலே போய்விடும்.

8 மார்ச்

மார்வெல்லின் போட்டிக் கம்பெனியான டிசியின் 'வைப்' என்ற ஹீரோவைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

1984. டிசியின் சூப்பர் ஹீரோக் குழுவான ஜஸ்டிஸ் லீக்கின் பெரிய தலைகள் விலகிய பின் டெட்ராய்ட்டில் புதுக் குழு அமைக்கிறார்கள். ஜெரி கான்வேயும் சக் பேட்டனும் உருவாக்கியது. அதில் பாக்கோ ரமோன் என்கிற பையன்தான் வைப்: முன்னாள் தெருக் கும்பல் தலைவன், பிரேக்டான்ஸ் ஆடுவான், அதிர்வலை அனுப்புவான். அவன் வசனத்தை உச்சரிப்புக் கோணலோடு எழுத்துக்கெழுத்து உடைத்து உடைத்து எழுதியிருப்பார்கள். வாசிக்கவே சிரமம். நகரத்து லத்தினோ இளைஞனைப் பற்றி வெளியே நின்று பார்க்கிறவருக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையையும் ஒரே உடம்பில் ஏற்றியிருந்தார்கள். ஜார்ஜ் பெரஸுக்கே அந்தப் பாத்திரத்தைப் பிடிக்காது, வெளிப்படையாகச் சொன்னவர்.

1987-இல் கொன்றார்கள். பேராசிரியர் ஐவோ என்ற வில்லனின் மனித உருவ ரோபோ, ஆள் நடமாட்டமில்லாத தெருவில். சண்டைக் களத்தில் உயிர்விட்ட முதல் லீக் உறுப்பினர் என்ற பெயர் மட்டும் மிச்சம். இத்தனைக்கும் அந்த மரண இதழில்தான் பாக்கோ முதன்முறையாக மனிதனாகத் தெரிகிறான். தனியாக, பயந்துபோய், வீட்டுக்குப் போக நினைக்கிற பையன்.

12 மார்ச்

மூன்றாம் எபிசோட் பார்த்தாயிற்று. பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

ஹெக்டரை மறுபடியும் கொன்றுவிட்டார்கள்.

காமிக்ஸிலும் இதுதான் நடந்தது. பிரையன் பெண்டிஸ் எழுதி, மானுவல் குட்டியெரெஸும் டெர்ரி டாட்சனும் வரைந்த டேர்டெவில் 38 முதல் 40 வரை. போலீஸ்காரரைக் கொன்றதாக வழக்கு, டேர்டெவிலான வக்கீல் மாட் மர்டாக் வாதாடுகிறார், ஜூரி குற்றவாளி என்கிறது. மனமுடைந்த ஹெக்டர் தப்பியோடப் பார்க்கிறார், நீதிமன்ற வாசலிலேயே சுடப்படுகிறார். நிரபராதி என்பது அப்புறம்தான் தெரியவருகிறது. தொடரில் தீர்ப்பை மாற்றினார்கள். ஹெக்டர் விடுதலை ஆகிறார். அன்றிரவே புலி உடையை மாட்டிக்கொண்டு வெளியே போனவரை, மார்பில் பனிஷர் என்ற இன்னொரு மார்வெல் பாத்திரத்தின் மண்டையோட்டுச் சின்னம் அணிந்த ஒருவன் சுடுகிறான்.

நடித்தவர் கமார் டி லோஸ் ரெயெஸ். புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் பிறந்தவர். 2023 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார், தொடர் வெளிவந்ததைப் பார்க்கவில்லை. மாட்டிடம் ஊரைப் பற்றிச் சொல்கிற இடத்தில், கோக்கி என்கிற குட்டித் தவளையின் இரவுச் சத்தத்தைப் பற்றிப் பேசுவார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த மனிதரை வைத்து இரண்டு சீசன் எடுத்திருக்கலாமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

13 மார்ச்

இன்னொன்று, சுருக்கமாக. ஹெக்டரின் குடும்பத்தை 1981-லேயே கிடியன் மேஸ் என்ற வில்லன் சுட்டுத் தள்ளிவிட்டான். பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லாரும். வைப் 1987. டிசியில் வைல்ட்கேட் ஆக இருந்த யோலாண்டா மொன்டெஸ் 1993. ஹெக்டர் 2003. சூப்பர் ஹீரோக்கள் செத்துச் செத்துப் பிழைப்பவர்கள்தான், தெரியும். ஆனால் பிழைத்து வருகிற வரிசையில் இவர்களுக்கு இடம் கிடைக்க எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள்.

16 மார்ச்

"வாசகர்கள் வாங்கவில்லை, அதனால் நிறுத்துகிறார்கள். ப்ளூ பீட்டில் படமும் ஓடவில்லை. இதில் இனத்தை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கணக்கு. ஆன்யா கொராசோனின் 'அரான்யா', 12 இதழ். ஹெக்டரின் உடன்பிறந்தவர் மகள் ஏஞ்சலா டெல் டோரோ ஒயிட் டைகராக வந்த தனித் தொடர், 6 இதழ். வைப்பைத் திருத்தி எழுதிய 2013 தொடர், 10 இதழ். ராபி ரெயெஸ் கோஸ்ட் ரைடராக வந்தது, 12. கேபி ரிவேரா எழுதிய 'அமெரிக்கா', 12. ஹைமே ரெயெஸ் என்ற மெக்சிகன் அமெரிக்கப் பையன் ஹீரோவாக வந்த டிசியின் ப்ளூ பீட்டில் 2006 முதல் 2009 வரை 36 இதழ். அந்தப் பட்டியலில் அதுதான் நீண்ட ஆயுள்.

புதுப் பாத்திரம் எதுவானாலும் இன்றைய சந்தையில் ஒரு வருடத்தில் விழுந்துவிடும், வெள்ளைக்கார ஹீரோவானாலும் அதே கதிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எக்ஸ்மென் வரலாற்றைப் பாருங்கள். விற்பனை விழுந்து 1970-இல் புதுக் கதையே நின்றுபோனது. ஐந்து வருடம் பழைய கதைகளையே மறுபதிப்புப் போட்டு ஓட்டினார்கள். தலைப்பைச் சாகவிடவில்லை. 1975-இல் புது ஆட்களோடு திரும்பக் கொண்டுவந்தார்கள், அப்புறம் அதுவே கம்பெனியின் தூணாக ஆனது. ஹெக்டர் பிறந்ததும் அதே 1975. அவருக்கு யாரும் ஐந்து வருடம் காத்திருக்கவில்லை. விற்பனை என்பது வானத்திலிருந்து விழுகிற ஒன்று இல்லை. எத்தனை காலம் அலமாரியில் வைத்திருக்கிறோம் என்பதும் அதில் சேர்த்திதான்.

படத்துக்கு வருகிறேன். உலக அளவில் சுமார் 13 கோடி டாலர், ஆமாம், குறைவுதான். 2023 ஆகஸ்டில் வந்தது. அப்போது நடிகர் சங்க வேலைநிறுத்தம். நடித்தவர்கள் ஒருவரும் விளம்பரத்துக்கு வர முடியவில்லை. டிசி படங்களையே மொத்தமாக மாற்றி எடுக்கப்போவதாக அறிவிப்பும் அதற்கு முன்பே வந்துவிட்டது.

நான் இருப்பது டெக்சாஸ். பக்கத்து வீட்டு மெக்சிகன் குடும்பத்தோடுதான் போனேன். பேரன் ஜாக்கெட்டில் ப்ளூ பீட்டில் முத்திரை, பாட்டி தன் பைக்குள் வீட்டில் வறுத்த வேர்க்கடலை. படத்தில் ஓரிடத்தில் ஹைமேயின் சித்தப்பா ரூடி எதிரியின் கேமராக்களை ஹேக் செய்வார். திரையில் திடீரென்று எல் சாப்புலின் கொலொராடோ வருவார். சிவப்பு உடை, தலையில் இரண்டு உணர்கொம்பு, 1970-களில் மெக்சிகன் தொலைக்காட்சியில் ரொபெர்ட்டோ கோமெஸ் பொலானியோஸ் நடித்த கோமாளி ஹீரோ. எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர்களிடம் சத்தமே இல்லை. பாட்டி மட்டும் இருக்கையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், பேரன் அவரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு படத்துப் பாட்டி பெரிய துப்பாக்கியோடு களமிறங்கியபோது, ரகசியம் அம்பலமானது போல இவர் வாயைப் பொத்திக்கொண்டார். மேல்வரிசையில் இருந்த இன்னொரு குடும்பமும் அதே இடங்களில் சிரித்தது. இயக்குனர் ஏஞ்சல் மானுவல் சோட்டோ அந்த வீடுகளை மனதில் வைத்து எடுத்திருக்கிறார்.

17 மார்ச்

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். படம் ஒரு விஷயத்தில் காமிக்ஸைவிடப் பின்தங்கியது. காமிக்ஸின் ஹைமே எல் பாசோ பையன். உண்மையான ஊர், எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹுவாரெஸ். அப்பாவுக்கு கார் பட்டறை, அம்மா நர்ஸ். பால்மெரா சிட்டி என்ற கற்பனை நகரத்துக்குப் படம் மாற்றிவிட்டது. சூப்பர்மேனுக்கு மெட்ரோபாலிஸ், பேட்மேனுக்கு கோதம் இருப்பது போல அவருக்கும் ஒரு நகரம் வேண்டும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எனக்கு எல் பாசோவே போதும்.

அந்த 36 இதழ்களில் எனக்கு மிகப் பிடித்தது, ஹைமே தன் ரகசியத்தைத் தொடக்கத்திலேயே வீட்டில் சொல்லிவிடுவது. அம்மா அப்பா தங்கை எல்லாருக்கும் தெரியும். பீட்டர் பார்க்கர் அத்தையிடம் எத்தனை பத்தாண்டு மறைத்தான்! இங்கே அந்த வீட்டுக்குள் மறைக்க முடியாது, மறைக்கவும் தோன்றாது. 26-ஆம் இதழை ஜை நிட்ஸ் ஏறக்குறைய முழுக்க ஸ்பானிஷிலேயே எழுதினார், ஆங்கில வசனத்தைப் பின்பக்கத்தில் போட்டார்கள். 2008-இல் டிசி மாதிரி ஒரு கம்பெனி அதைச் செய்தது பெரிய காரியம்.

19 மார்ச்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ தனக்கென்று உருவாக்கிக்கொண்ட ஹீரோக்களைப் பற்றிக் கேட்டார்கள். எல் சாண்டோ இருக்கிறார், மல்யுத்த வீரர், 1952-லிருந்தே அவர் பெயரில் காமிக்ஸ். ஆனால் நம்மவர்களுக்குத் தெரிய வேண்டியது கலிமான்.

1963-இல் வானொலி நாடகமாகத் தொடங்கி, 1965 முதல் 1991 வரை வாரா வாரம் வந்த இதழ். வெள்ளை உடை, தலைப்பாகை, அதில் ரத்தினக் கல். காளி தேவியின் வம்சத்தில் ஏழாவது மனிதர், இந்தியாவில் ஓர் அரசரிடம் வளர்ந்தவர், மன சக்தியும் பொறுமையும்தான் ஆயுதம். ஆளைக் கொல்ல மாட்டார். கூடவே சோலின் என்ற எகிப்தியச் சிறுவன். ஸ்பானிஷ் பேசும் கண்டம் முழுக்கத் தலைமுறைகள் இவரோடு வளர்ந்தன. நான் இந்தியன் என்று தெரிந்ததும் அந்தப் பாட்டி முதலில் கேட்டதே கலிமானைத் தெரியுமா என்றுதான். நம் ஊரைப் பற்றிய கற்பனை அதில் கன்னாபின்னா என்று இருக்கும், உண்மை. இருந்தாலும் 26 வருடம் வாராவாரம் ஒரு ஹீரோவை ஓட்டத் தெரிந்த வாசகர் கூட்டம் அது. லத்தினோ வாசகர்கள் சூப்பர் ஹீரோ வாங்க மாட்டார்கள் என்று இனி யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

22 மார்ச்

"லத்தினோக்களே எழுதினால் சரியாகிவிடும்" என்று இரண்டு பேர் முடித்துவிட்டீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மார்வெல்லின் தலைமை ஆசிரியராக 2000 முதல் ஜோ கெசாடா, கியூபாக் குடும்பத்துப் பிள்ளை. 2011 முதல் 2017 வரை ஆக்சல் அலோன்சோ, அப்பா மெக்சிகன். பதினேழு வருடம் நாற்காலியில் லத்தினோக்கள்தான் இருந்தார்கள். ஹெக்டர் செத்தது அந்தக் காலத்தில். அரான்யாவும் மைல்ஸும் ராபியும் வந்ததும் அதே காலத்தில்தான். இன்னொரு பக்கம், ஹைமேயை உருவாக்கிய கீத் கிஃபனோ ஜான் ராஜர்ஸோ கல்லி ஹேம்னரோ லத்தினோ இல்லை. ஆனால் அந்த வீட்டை அக்கறையாகக் கட்டினார்கள்.

அதற்காக யார் எழுதினாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. ராபி ரெயெஸை எழுதியவர் ஃபெலிப்பே ஸ்மித், அம்மா அர்ஜென்டினாக்காரர். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ், கறுப்பு மசில் கார், சக்கர நாற்காலியில் தம்பி கேப். ராபி சூதாட்டக் கார்ப் பந்தயத்தில் இறங்குவது எதற்கு? அந்தத் தம்பியை அந்தத் தெருவிலிருந்து வெளியே கொண்டுபோகப் பணம் வேண்டும். ட்ராட் மூர் வரைந்த அந்த நெருப்பு ஓடும் பக்கங்களை எத்தனை தடவை புரட்டினாலும் அலுக்காது. 12 இதழ்தான், சொன்னேனே.

நாற்காலியில் யார் என்பதைவிட, அந்தப் பையனின் கதைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினார்கள், எத்தனை மாதம் விட்டுவைத்தார்கள் என்பதுதான் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

25 மார்ச்

மார்வெல்லின் சன்ஸ்பாட் என்ற ஹீரோ பற்றிய கேள்விக்கு. ரொபெர்ட்டோ டா கோஸ்டா, பிரேசில், 1982, எக்ஸ்மென்னின் இளைய குழுவான நியூ மியூட்டன்ட்ஸ். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, பாப் மெக்லியோட் வரைந்தது. அப்பா கறுப்பர், அம்மா வெள்ளையர். கால்பந்து மைதானத்தில் நிறத்தைச் சொல்லி எதிரணியினர் இழிவுபடுத்தி அடிக்கிறபோதுதான் அவனுக்குச் சக்தி வெளிப்படுகிறது. கதையின் வேரே நிறம். வருடங்கள் போகப் போக வண்ணம் தீட்டுகிறவர்கள் அவனை வெளுத்துக்கொண்டே வந்தார்கள். 2020 படத்திலும் வெளிர் நிற நடிகரையே போட்டார்கள். மெக்லியோடே வெளிப்படையாக வருத்தப்பட்டார். படத்தின் டைட்டிலில் அவர் பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

26 மார்ச்

கொடி, சாப்பாடு பற்றி ஒருவர் தொட்டார். 2022-இல் ஹிஸ்பானிய பாரம்பரிய மாதத்துக்காக டிசி சிறப்பு அட்டைகளை அறிவித்தது. ஹோர்ஹே மொலினா, மெக்சிகோவில் புகழ்பெற்ற ஹெசுஸ் எல்கேராவின் ஓவியத்தை ஒட்டி, கையில் கொடியோடு கிரீன் லாந்தர் ஹீரோக்களில் ஒருவரான கைல் ரேனரை வரைந்திருந்தார். டிசி வெளியிட்ட வடிவத்தில் அந்த கிரீன் லாந்தர் கையில் ஒரு பை நிறைய தமாலே, மக்காச்சோள மாவில் செய்து அவிக்கிற மெக்சிகன் பலகாரம். பறக்கிற அண்ட வீரன் பார்சல் கொண்டுபோகிறான்! தமாலே நல்ல சாப்பாடு, அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஒரு மக்களைக் கொண்டாட அட்டை போடும்போது சாப்பாட்டுப் பை மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறதா என்பதே என் கோபம்.

2023-இல் வந்த ஸ்பைடர்மேன் வீடியோ கேமில் மைல்ஸ் வீட்டில் கியூபாக் கொடியை மாட்டிவைத்திருந்தார்கள். புவேர்ட்டோ ரிக்கோக் கொடியும் அதுவும் நட்சத்திரத்தில் ஒரே மாதிரி, நிறம் மட்டும் இடம் மாறியிருக்கும். ரசிகர்கள் சொன்ன பிறகு திருத்தினார்கள். அத்தனை பேர் உழைத்த கேமில், அந்தச் சுவரைப் பார்த்துச் சொல்ல ஒரு புவேர்ட்டோ ரிக்கன் கூட அந்த அறையில் இல்லையா?

30 மார்ச்

யாரும் கேட்காமலே எழுதுகிறேன், லா போரிங்கென்யா. பெரிய கம்பெனி வெளியீடு கிடையாது. எட்கார்டோ மிராண்டா ரோட்ரிகெஸ் 2016-இல் தானே பதிப்பித்தது. மரிசோல் ரியோஸ் டி லா லூஸ், புரூக்ளின் புவேர்ட்டோ ரிக்கன், புவியியலும் சூழலும் படிக்கிற மாணவி. ஆய்வுக்காகத் தீவின் குகைகளுக்குப் போகிற இடத்தில் தீவின் பூர்வகுடிகளான தாய்னோ மக்களின் தெய்வமான அட்டாபெக்ஸிடமிருந்து சக்தி பெறுகிறாள். உடையில் கொடி, பெயர் தேசிய கீதத்தின் பெயர்.

2017 செப்டம்பரில் மரியா புயல் தீவைச் சூறையாடியது. மறு வருடம் மிராண்டா ரோட்ரிகெஸ் நிவாரண நிதிக்காக ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். வொண்டர் வுமன், பேட்மேன் உட்பட டிசி பாத்திரங்களும் அனுமதியோடு அதில் வந்து லா போரிங்கென்யாவுக்குத் துணை நிற்கிறார்கள். ஹீரோயின் இவள்தான், சூப்பர்மேன் கூட்டம் உதவிக்கு வந்த விருந்தாளிகள். ஹெக்டரைக் குப்பைத் தொட்டியிலிருந்து தாயத்து எடுக்கவைத்த துறையில் இப்படி ஒரு பக்கத்தைப் பார்க்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிப் போக மனமில்லாமல் நின்றுவிடுகிறேன்.

2 ஏப்ரல்

எங்கே தொடங்குவது என்று கேட்டவருக்கு.

மகளுக்கு 12 வயது என்றால் மைல்ஸ், சலாதின் அகமது எழுதிய 2018 தொடரிலிருந்து. பள்ளி, அம்மா, தாத்தா பாட்டி எல்லாம் நிறைவாக இருக்கும். அடுத்து 2006 ப்ளூ பீட்டில்.

உங்களுக்கென்றால் கோதம் சென்ட்ரல், 6 முதல் 10 வரை. கிரெக் ரக்கா எழுதியது, மைக்கேல் லார்க் வரைந்தது, காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் வாங்கியது. ரெனே மொன்டோயா, டொமினிகன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கோதம் போலீஸ் துப்பறிவாளர். ஒரு பெண்ணை முத்தமிடுகிற அவளுடைய படத்தை யாரோ எடுத்து ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் குத்திவிடுகிறார்கள். பேட்மேன் மிகச் சில பக்கங்களில்தான் வருவார். அப்பா அம்மா முன்னால் மொன்டோயா உட்கார்ந்திருக்கிற காட்சிகளை அவசரமில்லாமல் படியுங்கள். பிற்பாடு முகமூடி போட்டு 'தி கொஸ்டின்' ஆகிறாள், அதற்கு '52' தொடர் படிக்க வேண்டும். அது பெரிய தொடர், தனியாகப் பேசுவோம்.